எந்தக் கம்பி

துக்மில் எனக்குச் சாமான் அறை உத்தியோகம்.
தகரக் கூரை, மேசை விசிறி, பக்க எண் போட்ட பதிவேடு.
விடியுமுன்பே வாசலில் குரல்:
"அண்ணே, கம்பி."

எந்தக் கம்பி?
தூணுக்குள் நிற்கிற பதினாறும் கம்பி,
அதைக் கட்டிப் பிடிக்கிற இழையும் கம்பி,
சுவருக்குள் ஓடுகிற செம்பும் கம்பி.
வங்காளத்து ஷஹிதுல் 'தார்' என்று கேட்டான்,
முதல் வாரம் அவன் தலையில்
ஒரு டின் தாரை ஏற்றி அனுப்பினேன்.

பொன்னிருளன் கட்டுக்கம்பியைக் கையில் வாங்கியதும்
ஒரு முழம் இழுத்து விரலில் சுற்றிப் பார்ப்பான்.
வளைந்தால் வளைந்தபடி கிடக்க வேண்டும்.
துள்ளித் திரும்பினால் என் மேசைக்கே திரும்பி வரும்:
"இது வேகல."
கறுப்பு, பதினெட்டு கேஜ், இரட்டைப் பிரி,
கொக்கியில் மாட்டி ஒன்றரைச் சுற்று.
அரைச் சுற்று கூட ஆசைப்பட்டால் அறுந்துவிடும்.
முனையை உள்ளே மடக்குவான்.
நீட்டி விட்டால் இந்தக் கடற்காற்று
அதைப் பிடித்துக்கொண்டே தூணுக்குள் இறங்கிவிடுமாம்.
கான்கிரீட் இறுகும்வரைதான் அதற்கு வேலை.
எங்கள் விசா மாதிரி.

செம்பின் கணக்கு வேறு.
விளக்குக்கு ஒன்றரை, பிளக்குக்கு இரண்டரை,
ஏசிக்கு நாலு.
தூரம் கூடினால் இன்னும் தடிமன்.
ததேயுஸ் கேட்கிற சீட்டுகளைப் பார்த்தே
எனக்கு மனப்பாடம்.

மார்ச்சில் ரூவியிலிருந்து ஒரு லோடு வந்தது.
பளபளச் சிவப்பு உறை, நூறு கெஜம், தரமுத்திரை எல்லாம் இருந்தது.
ததேயுஸ் ஒரு சுருளைத் தூக்கினான். கீழே வைத்தான்.
பழைய சுருளைத் தூக்கினான்.
"அண்ணே, எடை எங்கே போச்சு?"
கத்தியால் நுனியைச் சுரண்டினான்.
செம்புத் தோலுக்கடியில் வெள்ளை வெளேரென்று
அலுமினியம்.

கொள்முதல் ஆபீஸில் சிரித்தார்கள்:
கேம்ப்புக்குத்தானே, கட்டடத்துக்கா போகிறது?
நான் 'பெறப்பட்டது, சரி' என்று எழுதினேன்.
அவன் அதற்குக் கீழே, என் பேனாவாலேயே:
'ஏசிக்கு இது தாங்காது. த.'

மே மாதம், பதினோராம் அறை, எட்டுக் கட்டில்.
நடுராத்திரி மீன் வாடை.
யாரோ பொரிக்கிறான் என்று
புரண்டு படுத்தேன்.
ததேயுஸ் மட்டும் எழுந்தான்,
இருட்டில் ஓடி மெயினை இறக்கினான்.

டார்ச் அடித்துப் பார்த்தோம்.
சிவப்பு உறை பாகாய் உருகிச் சுவரில் வழிந்திருந்தது.
ஃபியூஸ் போயிருக்க வேண்டிய இடத்தில்
போகவே போகாதபடி
யாரோ கட்டுக்கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள்.
இரட்டைப் பிரி. ஒன்றரைச் சுற்று.
முனை அழகாய் உள்ளே மடங்கியிருந்தது.

பொன்னிருளன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
"அடிக்கடி கரண்டு போகுதேன்னு..."
அதற்குமேல் அவனும் பேசவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.

கேம்ப் முழுவதையும் இருட்டில் போட்டதற்கு
ததேயுஸுக்கு இரண்டு நாள் சம்பளம் பிடித்தார்கள்.
பத்தாம் நாள் அவன் கம்பி நீட்டினான்.
அகப்பட்டால் கம்பி எண்ணுவான் என்றார்கள்.
ஓடியவன் கணக்கை முடிக்கச் சொன்னார்கள், முடித்தேன்:
டெஸ்டர் ஒன்று, கட்டிங் பிளேயர் ஒன்று,
ரப்பர் கையுறை ஒரு ஜோடி.
எல்லாம் துடைத்து
என் மேசைமேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான்.

இன்று மறுபடி ரூவி வண்டி.
அதே சிவப்பு, அதே முத்திரை.
டிரைவர் எஞ்சினை அணைக்காமல்
ரசீதை நீட்டுகிறான்.
பழைய பக்கத்தில் என் 'சரி'யை அடிக்க முடியாது,
தணிக்கையில் மாட்டும்.

ஒரு சுருளைத் தூக்குகிறேன்.
கீழே வைக்கிறேன்.
பழையதைத் தூக்குகிறேன்.

ஹாரன் அடிக்கிறான்.
பேனாவை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
கத்தியைத் தேடுகிறேன்.